தலைகீழாகத் தொங்கிய சீட்டு

"அண்ணாச்சி, போலீஸ் ஸ்டேஷன்ல டீ வாங்கிக் குடுத்தா நாம சாட்சியா, குற்றவாளியா?"

"குடிச்சிட்டு வாய மூடினா சாட்சி" என்றார் துப்பறியும் சண்முகவேல்.

சோலைச்சாமி குடித்தான். வாயை மூடவில்லை. பதினோரு வருஷம் மதுரை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் கிழிப்பதை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் நாக்கு பஸ்ஸிலேயே இருந்தது.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே இருந்த சின்ன ஸ்டேஷன் அது. லாக்கப்பில் நாகையா என்ற இருபது வயதுப் பையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ரசாயனம் படிக்கிறான், கடைசி வருஷம். முந்தின நாள்தான் பிடித்தார்கள். இன்று மூன்று மணிக்குக் கல்லூரியில் விசாரணை. அங்கே பேரை அடித்துவிடுவார்கள். நாளைக் காலை கோர்ட்.

போன வியாழக்கிழமை ஒரு பட்டாசுக் கம்பெனியின் கலவை அறை எரிந்தது. இருளம்மாள், ராக்காயி என்ற இரண்டு பெண்கள் உள்ளேயே செத்துப்போனார்கள். மூன்றாவது ஆள் வேலுத்தாய், நாகையாவின் அம்மா. வாசல் பக்கம் இருந்ததால் கைகள் மட்டும் வெந்தன. அந்தக் கலவையை எழுதிக் கொண்டுவந்து மாட்டியது நாகையாதான் என்று கம்பெனி போர்மேன் சொல்லிவிட்டான். பெற்ற தாய் வேலை செய்யும் அறைக்கு மகன் தீ வைத்தான் என்பது கேஸ்.

சப்-இன்ஸ்பெக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தார். உள்ளங்கை அகலம். கெட்டியான வெள்ளை அட்டை. நான்கு மருந்துகளின் பெயர், எதிரே அளவு, மேலே 'பச்சை நிறம்' என்ற தலைப்பு. கீழே வலது மூலையில் 211 என்று ஓர் எண்.

"எடை போடற ரூம்ல ஆணியில தொங்கிச்சு. அந்த ரூம் தள்ளி இருக்கு, அதான் தப்பிச்சது. 211ங்கிறது புஸ்தகத்துல பக்கம். காலேஜ்ல அந்தப் புஸ்தகம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்காம். பதிவேட்டைப் பார்த்தேன். இந்த வருஷம் அதை எடுத்தவன் இவன் ஒருத்தன்தான். பெத்தணன்னு ஒரு புரொபசர்தான் எங்களுக்கு இதெல்லாம் விளக்கிச் சொன்னாரு."

"நல்ல மனுஷன்" என்றான் சோலைச்சாமி. "கேக்காமலே சொல்லியிருக்காரு."

சண்முகவேல் அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமை. கீழ் விளிம்பை ஒட்டி, சரியாக நடுவில், ஓர் ஓட்டை இருந்தது. சோலைச்சாமியின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி அதில் நுழைத்தார். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. ஆணி குத்தினால் விளிம்பு பிசிறும். இது பிசிறில்லாத வட்டம்.

"எழுத்து யாரோடது?"

"அச்சடிச்ச மாதிரி நிமிர்த்தி எழுதியிருக்கான். அடையாளம் தெரியக் கூடாதுன்னு பண்ணியிருக்கான், களவாணிப் பய."

"அடையாளம் மறைக்கிற களவாணி, பக்க நம்பரை மட்டும் மறக்காம எழுதுவானா?"

சப்-இன்ஸ்பெக்டர் அட்டையைத் திரும்ப இழுப்பறையில் போட்டார். மூன்று மணிக்குக் கல்லூரிக்கு எடுத்து வருவதாகச் சொன்னார்.

சண்முகவேல் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "நீ எதுக்குடா கம்பெனிக்குப் போன?"

நாகையா திரும்பினான். அழுது முடித்த முகம். "வேண்டாம்னு சொல்லத்தான் சார் போனேன். ஒரு வாரமாப் புதுக் கலவை, அரைக்கையில பொறி பறக்குதுன்னு அம்மா சொல்லுச்சு. லைப்ரரியில கேட்டேன். அக்கா அந்தப் புஸ்தகத்தைக் குடுத்தாக. வாசிச்சிட்டுப் புதன்கிழமையே போய் போர்மேன்கிட்ட சொன்னேன். 'காலேஜு படிக்கிற திமிராலே'ன்னு கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டாக."

"ஒரு வாரமாப் புதுக் கலவைன்னு உங்கம்மா போலீஸ்ல சொன்னாளா?"

"சொல்லுச்சு. எழுதிக்கிடல."

அந்த லைப்ரரி அக்கா பெயர் வீரலட்சுமி. சண்முகவேலை அமர்த்தியதே அவள்தான். முந்தின நாள் மாலை மதுரைக்கு வந்து, அவருடைய அறையில் நின்றுகொண்டே சொன்னாள்: "நாகையா மேல தப்பில்லை. அதை நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்." உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மோட்டார் சைக்கிள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கம்பெனிக்குப் போனது. இருக்கன்குடிக் கோவிலுக்குப் போகும் கூட்டம் ரோட்டோரம் தீச்சட்டியோடு நடந்துகொண்டிருந்தது. கம்பெனியில் தீபாவளி லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு பேர் செத்து ஆறு நாள்தான் ஆகிறது. சீசன் நிற்காது. கலவை அறை இருந்த இடத்தில் நான்கு கரிச்சுவர்கள் மட்டும் இருந்தன. அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஆட்கள் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பெட்டி தூக்கினார்கள்.

போர்மேன் எடை அறையைத் திறந்து காட்டினான். சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஆர்டர் சீட்டு.

"அந்தச் சீட்டு எந்த ஆணியில இருந்துச்சு?"

"இந்தா, இதுல."

"எப்படித் தொங்குச்சு? இதோ, இதை மாட்டிக் காட்டுங்க." சண்முகவேல் ஒரு விசிட்டிங் கார்டைக் கொடுத்தார்.

போர்மேன் அதை வாங்கினான். யோசிக்காமல் தலைகீழாகத் திருப்பி ஆணிக்கு நேரே பிடித்தான். "இப்படித்தான். எழுத்து தலைகீழாத்தான் இருக்கும். கழுத்தைச் சாய்ச்சு வாசிப்பேன்."

"கழுத்து வலிக்கலையா?" என்றான் சோலைச்சாமி. "மேல ஒரு குத்துக் குத்தியிருந்தா நேராத் தொங்குமே அண்ணாச்சி?"

"ஏற்கனவே ஓட்டையோட வந்துச்சு. இன்னொண்ணு எதுக்குன்னு இருக்கிறதுலயே..."

போர்மேன் நிறுத்தினான். கொஞ்சம் தாமதமாகத்தான் நிறுத்தினான்.

"நாகையா வந்து மாட்டினான்னு போலீஸ்ல சொன்னீக" என்றார் சண்முகவேல். "இப்ப நீங்க மாட்டினேங்கிறீக. ஓட்டையோட யாரு கொண்டு வந்தாக?"

"முதலாளியைக் கேளுங்க. எனக்கு லோடு நிக்குது." போர்மேன் அறையைப் பூட்டினான்.

வெளியே வந்ததும் சோலைச்சாமி கேட்டான்: "அடிப்பக்கம் ஓட்டை வச்ச அட்டை எங்கண்ணாச்சி விக்கிறாக? கழுத்துச் சுளுக்கினவுகளுக்குன்னு தனியாப் போடறாகளோ?"

"விக்கிறதில்லை. வா."

கல்லூரி நூலகத்தை அடைந்தபோது மணி ஒன்றேகால். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த பெரிய மரப்பெட்டி. சண்முகவேல் ஓர் இழுப்பறையை இழுத்தார். புத்தகத்துக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான வெள்ளை அட்டைகள் நெருக்கி நின்றன. யாரும் உருவிக்கொண்டு போகாமல் இருக்க, எல்லா அட்டைகளின் அடியிலும் ஓட்டை. ஓட்டைகள் வழியாக ஒரு பித்தளைக் கம்பி.

சோலைச்சாமி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். கம்பியைப் பார்த்தான். பென்சிலைப் பார்த்தான். மறுபடி காதில் செருகிக்கொண்டான். "அப்ப இந்தப் பெட்டிக்கும் லாக்கப்தானா?" என்றான், குரல் இறங்கி.

ரசாயனப் பகுதி மூலையில் தனியாக இருந்தது. வீரலட்சுமிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சென்னையில் நூலகப் படிப்பு முடித்தவள். ரசாயனத்துக்கு மட்டும் என்று அவளைப் போட்டிருந்தார்கள். அவர்கள் வந்ததை அவள் கவனிக்கவில்லை. பெஞ்சில் ஒரு மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் பாரா ஒன்றை விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வரி புரியுதா? புரியாம தலையாட்டாத."

"பாதி புரியுதுக்கா."

"மீதிப் பாதியிலதான் பரீட்சைக் கேள்வி வரும். பக்கத்தைத் திருப்பு. அடுத்த பக்கத்தையும் வாசிச்சாத்தான் இது முடியும்."

சண்முகவேல் அவளிடம் போகவில்லை. வாசலில் நின்ற அட்டெண்டரை ஓரமாக அழைத்தார்.

"வாத்தியாருக யாரும் இங்க வர்றதில்லையா?"

"அவுக எதுக்குய்யா வரணும்? ஸ்டாஃப் ரூம்ல இருந்து கேள்விய எழுதி என்கிட்ட குடுப்பாக. அம்மா புஸ்தகம் பார்த்துப் பதில் எழுதிக் குடுக்கும். நான் கொண்டுபோய்க் குடுப்பேன். பாடம் நடத்தப் போற நேரத்துல அவுகளுக்குத் தேட நேரமேது?"

"பதிவேட்டுல கையெழுத்து?"

அட்டெண்டர் சிரித்தான். "நல்லாக் கேட்டீக. புரொபசர்கிட்டப் போய்க் கையெழுத்துக் கேக்கவா? அது பயலுகளுக்கு."

சண்முகவேல் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ஒருவர் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதர் ஜிப்பா, தங்கப் பிரேம் கண்ணாடி. சண்முகவேல் ஒரு துண்டுத் தாளில் எழுதி அட்டெண்டரிடம் கொடுத்தார்: 'பாதரசம் எத்தனை டிகிரியில் உறையும்?'

எட்டு நிமிஷத்தில் பதில் வந்தது. வெள்ளை அட்டை. நிமிர்ந்த, அச்சு போன்ற எழுத்து. 'சைபருக்குக் கீழே 39 டிகிரி.' வலது மூலையில் 64. அடியில் நடுவே ஓட்டை.

சோலைச்சாமி பென்சிலை நீட்டினான். பொருந்தியது.

"அம்புட்டுக் குளிரு நம்ம பக்கம் வந்தா மொளகா வத்தலே கிடைக்காது அண்ணாச்சி" என்றான். ஆனால் அவன் சிரிக்கவில்லை. நேற்று அவர்கள் அறையில் நின்ற பெண்ணின் எழுத்து அது. எதிரே பேப்பர் கீழே இறங்கியிருந்தது.

"நீங்க யாரு?" என்றார் கண்ணாடிக்காரர். பார்வை அட்டை மேலேயே இருந்தது.

"விருந்தாளி. நீங்க பெத்தணன் சார்தானே? அந்தப் பட்டாசுக் கம்பெனி முதலாளிக்கு நீங்க என்ன வேணும்?"

"மச்சினன். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லை. மூணு மணிக்குப் பார்ப்போம்."

நூலகத்துக்குத் திரும்பியபோது மாணவன் போயிருந்தான். சண்முகவேல் அட்டையை வீரலட்சுமியின் மேஜையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நூலகப் படிப்புல எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் எழுதச் சொல்லிக் குடுப்பாங்களோ?"

"ஆமா சார். யார் எழுதினாலும் ஒண்ணுபோல இருக்கணும். வாசிக்கிறவங்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது."

"போலீஸ்ல இருக்கிற சீட்டை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கல."

"பார்க்காமலே தெரியும்."

அவள் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அதன் மேல் நீல அட்டை போட்ட ஒரு நோட்டை வைத்தாள். நோட்டைத் தானாகவே திறந்தாள்.

"ஒவ்வொரு நாளும் யார் என்ன கேட்டாங்க, எந்தப் பக்கம் காட்டினேன்னு குறிச்சு வைப்பேன். வருஷக் கடைசியில பிரின்சிபால் கேட்பார். எத்தனை பேருக்கு உதவினோம்னு."

சண்முகவேல் வாசித்தார். இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி இருந்தது.

*திங்கள். பெத்தணன் சார். குறைந்த செலவில் பச்சை நிறக் கலவை. பக்கம் 211.*

*அடுத்த வாரம், செவ்வாய். நாகையா, மூன்றாம் ஆண்டு. குளோரேட்டும் கந்தகமும் சேரலாமா? பக்கம் 211, 212.*

சோலைச்சாமி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "பயலுக்கு ஒரு பக்கம் கூடக் குடுத்திருக்கீக."

சண்முகவேல் புத்தகத்தில் 211ஐத் திறந்தார். அட்டவணை. தாளைத் திருப்பினார். 212இன் முதல் பாராவைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டிருந்தது. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷே போதுமானதாக இருந்தது. இந்தக் கலவையை அரைக்கக் கூடாது, உரசக் கூடாது, உரசினால் தானாகவே பற்றும்.

"பெத்தணன் சாருக்கு ஏன் இதை எழுதல?"

"அவர் அளவு கேட்டார். அளவைக் கொடுத்தேன்."

"கிளாஸுக்குன்னு நினைச்சீங்களா?"

"குறைஞ்ச செலவுன்னு எழுதியிருந்தார். கிளாஸுக்கு எதுக்குச் செலவுக் கணக்கு? அப்பவே தோணிச்சு." அவள் கைகள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன. "ஆனா அவர் இருபது வருஷ புரொபசர். பின்பக்கம் ஆபத்துன்னு போட்டிருக்கு சார்னு நான் எழுதினா, உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதாம்பார். ஒரு தடவை வேற ஒருத்தருக்கு அப்படி எழுதினேன். பிரின்சிபால்கிட்ட புகார் போச்சு. லைப்ரரிக்காரி பாடம் நடத்தறாளாம்னு. அதுக்கப்புறம் வாத்தியார்களுக்குக் கேட்டதுக்கு மட்டும் பதில். பசங்களுக்கு முழுசா."

"செவ்வாய்க்கிழமை நாகையா வந்து அதே பக்கத்தைக் கேட்டப்போ?"

வாசலில் அட்டெண்டர் யாரையோ அதட்டும் குரல் கேட்டது.

"புரிஞ்சிடுச்சு சார். என் சீட்டு எங்க போயிருக்குன்னு அந்த நிமிஷமே புரிஞ்சிடுச்சு. அவன் போய்ச் சொல்றேன்னான். சரி, அவன் சொல்லிட்டா நின்னுடும்னு இருந்துட்டேன். ரெண்டு நாள் இருந்துச்சு. ஸ்டாஃப் ரூம் இங்கேயிருந்து இருபது தப்படி."

சோலைச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. அவனுக்கே அது புது அனுபவம்.

"நோட்டு உங்ககிட்ட இருக்கு. நேத்தே ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருந்தா பையன் வெளிய வந்திருப்பான். மதுரைக்கு வந்து என்னை எதுக்கு அமர்த்தினீங்க?"

"சப்-இன்ஸ்பெக்டர் இங்க வந்தார். பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். வேற ஒண்ணும் கேட்கல." அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கேட்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க என்கிட்ட வராமலே பையனை மீட்டுடுவீங்களோன்னு ஒரு ஆசை. வந்துட்டா, நீங்க கேட்பீங்க. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

"இப்பக் கேக்கறேன். மூணு மணிக்கு வருவீங்களா?"

அவள் நோட்டை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்து இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பிரின்சிபால் அறையில் விசாரணை முக்கால் மணி நேரம் நடந்தது. பெத்தணன் முதலில் சீட்டையே பார்த்ததில்லை என்றார். நோட்டை வாசித்துக் காட்டிய பிறகு, பார்த்தேன், ஆனால் தொலைந்துவிட்டது என்றார். போர்மேன் மாட்டிய கதையைச் சண்முகவேல் சொன்னதும், மச்சினன் கேட்டதற்காகக் கொடுத்தேன், அவர்கள் அரைப்பார்கள் என்று எனக்கென்ன தெரியும் என்றார். கடைசியில் வீரலட்சுமியைப் பார்த்து, "ஆபத்துன்னா நீயில்லையாம்மா சொல்லியிருக்கணும்?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றாள் வீரலட்சுமி. "சொல்லியிருக்கணும்."

அதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி சப்-இன்ஸ்பெக்டரிடம் அவளே சொன்னாள். பிரின்சிபால் குறுக்கிட்டார். அது தேவையில்லை, நூலகத்தின் பெயர் கெடும் என்றார். அவள் இன்னொரு முறை சொன்னாள். சப்-இன்ஸ்பெக்டர் எழுதினார். நாகையாவை விடச் சொல்லி ஸ்டேஷனுக்கு ஆள் போனது. பெத்தணனை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. வீரலட்சுமி மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று பிரின்சிபால் ஒரு தாளில் எழுதி நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை இரண்டு கைகளிலும் துணிக்கட்டு. மடியில் வைக்க முடியாமல் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயே இருப்பதாக அட்டெண்டர் சொன்னான்.

"தாயி, எம்மகன விட்டுட்டாகளா?" என்று வேலுத்தாய் வீரலட்சுமியிடம் கேட்டாள்.

"விட்டுட்டாங்கம்மா. வந்துட்டிருக்கான்."

வேலுத்தாய் கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். துடைத்துக்கொள்ள அவளுக்குக் கையில்லை.

வீரலட்சுமி போயிருக்கலாம். சண்முகவேலும் சோலைச்சாமியும் படியில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போகவில்லை. தரையில், வேலுத்தாயின் எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தச் சீட்டை எழுதினது நான்தான்" என்றாள். "புத்தகத்துல அடுத்த பக்கத்துல ஆபத்துன்னு போட்டிருந்துச்சு. அதை நான் எழுதல. உங்க மகன் வந்து கேட்டப்போ தெரிஞ்சுபோச்சு. ரெண்டு நாள் இருந்தும் நான் போய்ச் சொல்லல."

வேலுத்தாய் அவளை உற்றுப் பார்த்தாள். கோபமா என்று சோலைச்சாமியால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆயிரம் பயணிகளின் முகம் பார்த்தவன்.

"எங்கள்ல ஒருத்திக்கும் வாசிக்கத் தெரியாது தாயி" என்றாள் வேலுத்தாய். "நீ எளுதியிருந்தாலும் போர்மேன் வாசிச்சுச் சொல்லியிருக்க மாட்டான்."

பிறகு, அதே குரலில் சொன்னாள்:

"ஆனா நீ வந்து வாயால சொல்லியிருந்தா, இருளம்மா கேட்டிருப்பா. அவ எதுக்கும் பயப்படுதவ."

வீரலட்சுமி எழவில்லை. சோலைச்சாமி காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கேட் பக்கம் ஒரு ஜீப் சத்தம் கேட்டது. வேலுத்தாய் கட்டுப் போட்ட கைகளை ஊன்ற முடியாமல், சுவரில் முதுகைத் தேய்த்தபடி எழுந்திருக்கப் பார்த்தாள். வீரலட்சுமி அவளுடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். வேலுத்தாய் அந்தக் கைகளைத் தள்ளிவிடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்து நடந்தாள்.